நாலு பேர் டேபிளுக்கு எந்த ஹீலர்?

“ஃபைட்டர் நானு, ரோக் மச்சான், விஸார்டு மாப்ள. ஹீலர்தானுங்க யாருன்னு முடிவாகல.”

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டம். ஃபைட்டர் சண்டைக்காரர், ரோக் திருடர், விஸார்டு மந்திரவாதி, ஹீலர் அடிபட்டவரைத் தேற்றுகிறவர். இதற்குப் புதிதாக டேபிள் போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் வண்டி இந்த இடத்தில்தான் நிற்கிறது. பெருந்துறையில் ஒரு கூட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்துச் சனி ராத்திரி உட்காருகிற ஒரு கூட்டம், பொள்ளாச்சியில் கல்லூரிப் பிள்ளைகள் என்று மூன்று பக்கமிருந்தும் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். கடைசியில் என்ன நடக்கிறதென்றால், கடையைச் சாத்திவிட்டுத் தாமதமாக வருகிற நாலாவது ஆளின் தலையில் ஹீலரைக் கட்டிவிடுகிறார்கள். கடைசிப் பந்திக்கு வந்தவருக்கு ரசமும் மோரும் மட்டும் மிஞ்சுகிற கதை.

நானும் அதைச் செய்தவன்தான். ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் ஆட ஆரம்பித்தபோது சித்தி மகள் நாலாவதாக வந்தாள். விதி தெரியாத பெண், கிளெரிக் என்கிற பூசாரி வேடத்தைக் கொடுத்தால் சும்மா ஹீல் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். மூன்று வாரமும் அவள் பேசியது ஒரே வசனம்: “நான் ஹீல் பண்றேன்.” நாலாவது வாரம் அவள் போனபிறகு கேரக்டர் ஷீட்டை (வேடத்தின் விவரத் தாள்) எடுத்துப் பார்த்தேன். ஓரம் முழுக்கப் புள்ளிக் கோலம். ஸ்பெல் (மந்திரம்) எழுதும் பெட்டியில் ஒரே ஒரு பெயர். ஐந்தாவது வாரம் போன் வந்தது: “அண்ணா, நான் வேணும்னா பொழுதோட வந்து உங்களுக்கெல்லாம் தண்ணி தெளிச்சு எழுப்பி உட்டுட்டுப் போயர்றனுங்ண்ணா.”

கேலிதான். ஆனால் ஹீலரின் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தத் தண்ணியில்தான்.

## முதலில் படுகளம்

எங்கள் பக்கத்து அண்ணன்மார் கோயில்களில் உடுக்கடிப் பாட்டு நடந்தால் அது போய் முடிகிற இடம் படுகளம். பொன்னரும் சங்கரும் விழுந்த கட்டம். அருள் வந்தவர்கள் அப்படியே சாய்வார்கள். செத்தவர்களாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். அவர்கள் தங்கை தங்காளாக வருகிற பெண் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். எங்கள் டேபிளில் யாருடைய ஹிட் பாயிண்ட்டாவது (உயிர்க் கணக்கு) சுழியத்துக்குப் போனால் இன்றைக்கும் “படுகளம்” என்றுதான் சத்தம் போடுகிறோம்.

தங்காள் யாருடைய சிராய்ப்புக்கும் மருந்து போடவில்லை. விழுந்தவர்களை எழுப்பினாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. நான் பேசுவது ஐந்தாம் பதிப்பின் 2014 விதி. அதன் அடிப்படைத் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள், காசு கொடுக்காமலே கிடைக்கும். 2024 புத்தகம் வாங்கியவர்களுக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

மூன்றாம் லெவல் ஃபைட்டரிடம் ஏறக்குறைய 28 ஹிட் பாயிண்ட் இருக்கும். ஓகர் என்கிற ராட்சசன் தடியால் ஒரு போடு போட்டால் 2டி8+4 (எட்டு முகப் பகடை இரண்டை உருட்டி நாலு கூட்டுவது), சராசரி 13. ஹீலர் தன் ஆக்ஷன் முழுவதையும் (ஒரு முறையில் செய்யும் பெரிய வேலை; போனஸ் ஆக்ஷன் என்பது கூடவே செய்யும் சின்ன வேலை) முதல் லெவல் ஸ்லாட் ஒன்றையும் (மந்திரம் போடச் செலவாகும் பங்கு) செலவழித்து க்யூர் வூண்ட்ஸ் என்கிற காயம் ஆற்றும் மந்திரம் போட்டால் 1டி8+3, சராசரி 7.5. அடி விழும் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தரை பாயிண்ட் நஷ்டம். இந்த வியாபாரத்தை எந்த மண்டியிலும் செய்ய மாட்டார்கள். 2024 விதியில் க்யூர் வூண்ட்ஸ் 2டி8+3 ஆகிவிட்டது, சராசரி 12. அப்போதும் தடி ஒரு படி மேலே.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் காயம்பட்டவன் என்று தனியாக ஒரு நிலை கிடையாது. ஒரு பாயிண்ட்டோடு நிற்பவனும் 28 பாயிண்ட்டோடு நிற்பவனும் ஒரே பலத்தோடுதான் வாள் வீசுகிறார்கள். சுழியமானால் மட்டுமே அவன் முறை பறிபோகிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் டி20 (இருபது முகப் பகடை) உருட்ட வேண்டும்: 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை வந்தால் உயிர் நிலைக்கும், கீழே மூன்று தடவை வந்தால் கதை முடிந்தது. கிடப்பவனைப் பக்கத்தில் நின்று ஒரு அடி அடித்தால் இரண்டு தோல்வி ஒரேயடியாக ஏறும். ஆகவே ஹீலரை எடைபோடும்போது எத்தனை பாயிண்ட் நிரப்புவார் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரத்திலிருந்து எழுப்புவார் என்பது முதல் அளவுகோல்.

அடுத்த அளவுகோல், சண்டை முடிந்தபின் தேற்றுவது. மூன்றாவது, நிஜமாகவே செத்தவரை மீட்பது. நாலாவதைப் பலர் யோசிப்பதில்லை: கூட்டம் ஒரு ஊருக்குள் போனால் இந்த ஹீலர் அந்த ஊருக்கு யார்? ஐந்தாவதுதான் சித்தி மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. யாரும் விழாத சுற்றுகளில் அந்த ஆளுக்கு என்ன வேலை? ஆறாவது திருப்பூர்க்காரர்கள் கேட்டது: அந்த ஆள் வராத வாரம் என்ன ஆகும்?

| யார் | எழுப்புவது | சண்டைக்குப் பின் | செத்தவரை மீட்பது | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| கிளெரிக் | ஹீலிங் வர்ட்: போனஸ் ஆக்ஷன், 60 அடி | பிரேயர் ஆஃப் ஹீலிங், ஆறு பேருக்கு | 5ஆம் லெவலில் ரிவிவிஃபை, 300 பொற்காசு வைரம் | எல்லோரும் “ஹீல் போடு” என்று அரிப்பது |
| ட்ரூயிட் | அதே ஹீலிங் வர்ட் | குட்பெர்ரி, ஸ்லாட்டுக்குப் பத்துப் பழம் | 9ஆம் லெவலில் ரீஇன்கார்னேட், 1000 பொற்காசு | மிருக உருவில் ஸ்பெல் போட முடியாது |
| பார்டு | அதே ஹீலிங் வர்ட் | சாங் ஆஃப் ரெஸ்ட் | 9ஆம் லெவலில் ரெய்ஸ் டெட், 500 பொற்காசு வைரம் | போனஸ் ஆக்ஷனுக்குப் போட்டி |
| பாலடின் (அருள் பெற்ற போர்வீரர்) | லே ஆன் ஹாண்ட்ஸ்: ஆக்ஷன், தொட வேண்டும் | மிச்சம் இருக்கிற பாயிண்ட் | 9ஆம் லெவலில் ரிவிவிஃபை | ஓடிப்போய்ச் சேரும் தூரம் |
| ஹீலர் இல்லாமல் | போஷன் (குடிக்கும் மருந்து) அல்லது ஹீலர் கிட் (கட்டுப்போடும் பெட்டி) | ஹீலர் ஃபீட் (கட்டுப்போடும் தனித் திறமை) | பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு | போஷனை நம்பினால் காசு |

## கிளெரிக்: பூசாரி எடுத்தால்

1974-இல் இந்த ஆட்டம் முதன்முதலில் அச்சானபோதே இருந்த மூன்று வகுப்புகளில் (வேட வகைகளில்) கிளெரிக் ஒன்று. அந்தக் காலத்து முதல் லெவல் கிளெரிக்குக்கு ஸ்பெல்லே கிடையாது. கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்று அடிக்க வேண்டியதுதான். கிளெரிக் என்றால் பின்னால் நிற்கும் கம்பவுண்டர் என்கிற எண்ணம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

எழுப்பும் வேகத்தில் குறையே சொல்ல முடியாது. ஹீலிங் வர்ட் 1டி4+3, சராசரி 5.5. தொகை சிறியது. ஆனால் 60 அடி தள்ளி நின்று, போனஸ் ஆக்ஷனில், ஒரு வார்த்தை சொன்னால் கிடப்பவன் கண் திறப்பான். ஆக்ஷன் மிச்சம். அந்த முறையில் இன்னொரு பெரிய ஸ்பெல் போடக்கூடாது என்பது விதி. கேண்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) போடலாம், கதாயுதத்தால் அடிக்கலாம். 2024-இல் தொகை 2டி4 ஆகியிருக்கிறது.

லைஃப் டொமைன் (கிளெரிக் தேர்ந்தெடுக்கும் பிரிவு) எடுத்தால் ஒவ்வொரு ஹீலிலும் ஸ்பெல் லெவலோடு 2 கூடும். இலவசத் தொகுப்பில் இருக்கும் ஒரே டொமைனும் அதுதான், ஆகவே புதியவர்கள் அதையே எடுக்கிறார்கள். தப்பில்லை, கூடவே கனமான கவசமும் கிடைக்கிறது. ஆனால் எந்த டொமைன் கிளெரிக்கும் எழுப்புவார். எழுப்புவதற்காக லைஃப் தேவையில்லை.

ஐந்தாவது அளவுகோலில் கிளெரிக் எங்கே நிற்கிறார் என்பது ஆடுபவரைப் பொறுத்தது. பிளெஸ் போட்டால் மூன்று பேருக்கு அடியிலும் தடுப்பிலும் 1டி4 கூடும். சண்டை ஒரு சுற்று முன்னதாக முடிந்தால் ஓகரின் 13 பாயிண்ட் அடி ஒன்று விழவே இல்லை, அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் க்யூர் வூண்ட்ஸுக்குச் சமம். ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் வந்துவிட்டால், சுற்றி 15 அடிக்குள் வருகிறவனுக்கெல்லாம் 3டி8. அதை ஓடவிட்டுக்கொண்டே ஹீலிங் வர்ட்டும் போடலாம். சித்தி மகளுக்கு இதையெல்லாம் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறைவான செலவு, டேபிளில் மற்றவர்கள். பத்துப் பாயிண்ட் குறைந்தாலே “பூசாரி, கொஞ்சம் திருநீறு போடு” என்று கை நீட்டுவார்கள். எங்களிடம் இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: ஹீல் யாரும் கேட்கக் கூடாது. போடுவதும் போடாததும் கிளெரிக்கின் இஷ்டம். இந்த ஒரு வரியை ஒத்துக்கொள்ளாத டேபிளில் கிளெரிக் எடுக்காதீர்கள்.

இன்னொரு செலவு வைரம். ரிவிவிஃபைக்கு 300 பொற்காசு மதிப்பில் வைரம் வேண்டும், போட்டதும் கரைந்துபோகும், செத்து ஒரு நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். பல டேபிளில் டிஎம் (கதையை நடத்துகிறவர்) கூட இதைக் கவனிப்பதில்லை. ஐந்தாம் லெவலுக்கு வந்தபின் ஒருவன் செத்து, ஸ்லாட் இருந்தும் கல் இல்லாமல் பத்துச் சுற்று முழிக்கிற நிலைமை பார்க்கச் சகிக்காது. எங்கள் கதை உலகத்தில் வைரம் இல்லை. படியூர்ப் பக்கம் கிடைக்கும் கடல்நீலக் கல்லை வைத்துக்கொண்டோம். நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியெடுத்த கல்மணிப் பட்டறைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள், அந்த மாதிரி ஒரு ஆற்றங்கரை ஊரில் மட்டும் கல் கிடைக்கும். விலை அதே 300. ஆனால் கல் வாங்கப் போகிற பயணமே மூன்று வாரக் கதை ஆனது.

அந்த உலகத்தில் கிளெரிக் என்பவர் வனத்து அம்மனின் பூசாரி. பண்ணாரியில் திருநீற்றுக்குப் பதில் புற்றுமண் தருவார்கள் அல்லவா, எங்கள் பூசாரியின் மடியிலும் ஒரு முடிச்சுப் புற்றுமண். ஹீலிங் வர்ட் சொல்லும்போது ஆடுபவர் கட்டைவிரலை மேசையில் தேய்ப்பார். அதைப் பார்த்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பெருந்துறைக் கூட்டத்துக்கு என் பதில் கிளெரிக். அவர்களில் விஸார்டு எடுத்த மாப்ளதான் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பவர். விஸார்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு அவரைக் கிளெரிக் ஆக்குங்கள். ஒவ்வொரு நாளும் முழுப் பட்டியலிலிருந்து ஸ்பெல்லைத் தேர்ந்தெடுக்கிற வகுப்பு இது, படிக்கிறவர் கையில் கொடுத்தால்தான் பலிக்கும்.

## ட்ரூயிட்: பச்சிலைக்காரர் எடுத்தால்

ஹீலிங் வர்ட் இவரிடமும் உண்டு. அதனால் எழுப்பும் வேகம் கிளெரிக்குக்குச் சமம், ஒரு நிபந்தனையோடு: மனித உருவில் இருந்தால். கரடியாக மாறிவிட்டால் பதினெட்டாம் லெவல் வரை ஸ்பெல் போட முடியாது. மாறுகிற ஆசையில்தான் முக்கால்வாசிப் பேர் ட்ரூயிட் எடுக்கிறார்கள். கரடி முன்னால் உறுமிக்கொண்டிருக்கும், பின்னால் விஸார்டு படுகளத்தில் கிடப்பான். ஒரே ஹீலர் ட்ரூயிட் என்றால் இதைப் பேசிவிட்டு உட்காருங்கள்.

சண்டைக்குப் பின் தேற்றுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. குட்பெர்ரி ஒரு முதல் லெவல் ஸ்லாட்டில் பத்துப் பழம் தரும். பழத்துக்கு ஒரு பாயிண்ட், 24 மணி நேரம் கெடாது, ஒரு பழம் தின்றால் ஒரு நாள் சாப்பாடு. படுக்கப் போகும்முன் மிச்சமுள்ள ஸ்லாட்டையெல்லாம் பழமாக்கி ஆளுக்குப் பத்து மடியில் கட்டிக்கொடுத்துவிடலாம், காலையில் எழுந்தால் ஸ்லாட்டும் புதிது. விழுந்து கிடப்பவன் வாயில் இன்னொருவர் பழத்தைத் திணிக்கலாமா என்பதில் டேபிளுக்கு டேபிள் தகராறு உண்டு. நான் அனுமதிக்கிறேன். லைஃப் கிளெரிக்கில் ஒரு லெவல் கலந்து பழத்துக்கு 4 பாயிண்ட், ஆக ஸ்லாட்டுக்கு 40 என்று ஒரு குறுக்குவழி 2014 விதியில் உண்டு. 2024-இல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

செத்தவரை மீட்பதுதான் இவருடைய வேடிக்கை. ரீஇன்கார்னேட் ஒரு மணி நேரம் ஆகும், 1000 பொற்காசுக்குத் தைலம் வேண்டும், உயிர் திரும்பும், ஆனால் உடம்பு எதுவென்று பகடைதான் சொல்லும். எங்கள் டேபிளில் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் நண்பர் இரண்டு வருடமாக ஒரு அரை ஓர்க்கை ஆடிவந்தார். ஆறரை அடி, கையில் பெரிய கோடாரி. செத்தார். பகடையை அவர் கையிலேயே கொடுத்தோம். ஹாஃப்லிங் வந்தது. மூன்றடி உயரம். சின்ன உருவத்துக்குக் கனமான ஆயுதம் எடுத்தால் டிஸ்அட்வான்டேஜ் என்று விதி, அதாவது இரண்டு டி20 உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். மனிதர் ஷீட்டை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, வந்த போண்டாவைக்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்தார், கோடாரியை விற்றுவிட்டு இரண்டு குறுவாள் வாங்கினார். இப்போது அந்தக் குள்ளனைத் தவிர வேறெதையும் ஆட மாட்டேன் என்கிறார். எல்லோரும் அப்படித் திரும்பி வர மாட்டார்கள்.

2024 விதியில் ட்ரூயிட்டுக்கும் ரிவிவிஃபை கிடைக்கிறது என்பதால் இந்தச் சூதாட்டம் கட்டாயமில்லை.

நடை அதிகம், ஊர் குறைவு, வெள்ளியங்கிரி ஏறுகிற மாதிரி மலையும் காடுமாகப் போகும் கதை என்றால் ட்ரூயிட். பொள்ளாச்சிப் பிள்ளைகள் ஆனைமலையை வைத்து வரைபடம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம்.

## பார்டு: உடுக்கைக்காரர் எடுத்தால்

பார்டு என்றதும் கிட்டாரும் தொப்பியும் ஞாபகம் வருவதுதான் நம் ஆட்களைத் தடுக்கிறது. எங்களிடம் பார்டு என்றால் உடுக்கடிப் பாட்டுக்காரர். விடிய விடியக் கதை சொல்லி ஆட்களை விழவைக்கவும் எழவைக்கவும் தெரிந்தவர். அதைவிடப் பொருத்தமான ஹீலர் வேடம் இந்த மண்ணில் எனக்குத் தெரியவில்லை.

ஹீலிங் வர்ட் இவரிடமும் அதே 60 அடி. சிக்கல் போனஸ் ஆக்ஷனில். பார்டின் பெருமையே இன்ஸ்பிரேஷன், இன்னொருவர் உருட்டலில் ஒரு டி6 கூட்டிக்கொடுப்பது. அதுவும் போனஸ் ஆக்ஷன்தான். ஒரு சுற்றில் ஒன்றுதான் நடக்கும். ஹீலிங் பொறுப்பு முழுவதையும் பார்டிடம் விட்டால் அவர் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணி தெளித்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது நெருக்கடி ஸ்பெல் எண்ணிக்கை. மூன்றாம் லெவலில் மொத்தம் ஆறு ஸ்பெல்தான் தெரியும். ஹீலிங் வர்ட் ஒன்று, நோய் தீர்க்க லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் ஒன்று என்று எடுத்துவிட்டால் மிச்சம் நாலு. கிளெரிக் மாதிரி காலையில் மாற்றிக்கொள்ளவும் முடியாது. சாங் ஆஃப் ரெஸ்ட் ஒரு மணி நேர ஓய்வில் ஆளுக்கு ஒரு டி6 கூட்டும், நல்ல விஷயம்தான், 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாவது அளவுகோலில் பார்டு எல்லோருக்கும் மேலே. பேச்சு, பேரம், பொய், பாட்டு. சண்டையே இல்லாத வாரத்திலும் வேலை இருக்கும். சித்தி மகள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது பார்டாகத்தான். நான் கொடுக்கவில்லை, அவளே கேட்டாள். சுங்கச்சாவடிக் காவலனிடம் ஒரு முழு மதியம் ஒப்பாரி வைத்து வரி கட்டாமல் வண்டியை உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கு ஒரு ஹீல்கூடப் போடவில்லை.

கூட்டத்தில் கூடவே ஒரு பாலடினோ, கிட் வைத்த ரோக்கோ இருந்தால் பார்டு போதும். தனி ஒரு ஹீலராக என்றால் கொஞ்சம் இழுக்கும்.

## பாலடின், அல்லது அம்மை போட்ட ஊர்

சண்டைக்களத்தில் பாலடினின் கணக்கு எளிது. லே ஆன் ஹாண்ட்ஸில் லெவலுக்கு ஐந்து பாயிண்ட், மூன்றாம் லெவலில் 15. ஒரு பாயிண்ட் கொடுத்தாலே விழுந்தவன் எழுவான், ஆகவே பதினைந்து பேரை எழுப்பலாம். ஆனால் தொட வேண்டும், ஆக்ஷனும் போகும். 40 அடி தள்ளிக் கிடப்பவனிடம் போய்ச் சேருவதற்குள் ஒரு சுற்று தீர்ந்துவிடும். 2024-இல் அது போனஸ் ஆக்ஷன் ஆகிவிட்டதால் பாலடின் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆறாம் லெவலில் பத்தடிக்குள் நிற்பவர்களின் தடுப்பு உருட்டல்கள் எல்லாவற்றிலும் அவருடைய கரிஸ்மா (ஆளுமை மதிப்பு) கூடும், அதுவும் ஒருவகையில் வருமுன் காப்பதுதான்.

இவரை நான் இந்தப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம் நாலாவது அளவுகோல். ஊர்.

கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே பெயர் வைத்த கோயில்கள் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்து ஊர் ஊராகக் காலிசெய்துகொண்டு போன நாட்களின் மிச்சம். நோய்க்கு மருந்து இல்லாத ஊர், தெய்வத்துக்கு அந்த நோயின் பெயரையே வைத்துக் கும்பிட்டது. இப்போது ஒரு கற்பனை உலகத்தில் அதே மாதிரி ஒரு ஊருக்குள் உங்கள் கூட்டம் நுழைகிறது. வாசலுக்கு வாசல் வேப்பிலை. கூட்டத்தில் ஒருவருக்கு நோய் தீர்க்கத் தெரியும் என்ற செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கோழி கூவும்முன் சத்திரத்து வாசலில் பாதி ஊர் நிற்கும்.

மூன்றாம் லெவல் கிளெரிக்கிடம் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் போட இரண்டாம் லெவல் ஸ்லாட் ஒரு நாளைக்கு இரண்டுதான். இரண்டு பேருக்குத் தீரும். வரிசையில் நூறு பேர். எந்த இரண்டு? இதே மூன்றாம் லெவல் பாலடின் ஐந்து பாயிண்ட்டுக்கு ஒரு நோய் என்று மூன்று பேரைத் தீர்ப்பார். அதோடு அந்த லெவலில் அவருக்கே எந்த நோயும் ஒட்டாது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் தைரியமாகக் காலெடுத்து வைக்கக்கூடியவர் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் மூன்று பேரைத் தீர்த்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி ஓகர் வந்தால் கையில் ஒரு பாயிண்ட் இருக்காது.

இதை ஒரு வாரம் ஆடவைத்தேன். பாலடினை ஆடியவர் நிஜத்தில் சாயப்பட்டறை சூப்பர்வைசர், முரட்டு ஆள். வரிசையைப் பார்த்ததும் பகடையைக் கீழே வைத்துவிட்டார். “ஊர்க்கவுண்டர் பையன் ஒருத்தன், தண்ணி தூக்கறவ ஒருத்தி, அப்புறம் யாருங்க?” என்று என்னையே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, தண்ணி தூக்குகிறவள் பெயரை முதலில் சொன்னார். அவள் ஊர்க் கிணறு முழுக்கப் போகிறவள், அவளுக்கு இருந்தால் எல்லோருக்கும் பரவும் என்று காரணமும் சொன்னார். எந்த விதிப்புத்தகத்திலும் அது இல்லை.

2024 விதியில் நோய் என்கிற பகுதியையே பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனும் இனி நோய் தீர்ப்பதாகச் சொல்லவில்லை. இப்படியொரு கதை வேண்டுமென்றால் பழைய விதியில் இருங்கள்.

## ஹீலரே வேண்டாம் என்றால்

யாருக்கும் ஆசையில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஹீலர் இல்லாமல் ஆடலாம். திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொன்னதும் இதுதான். அங்கே ஷிப்மெண்ட் நெருங்கினால் நாலு பேரில் ஒருவர் நிச்சயம் வர மாட்டார். வராதவர் ஹீலராக இருந்துவிட்டால் அந்த வாரம் முழுக் கூட்டமும் படுகளம்.

எல்லோரும் முதலில் போஷனைத்தான் நினைக்கிறார்கள். ஒரு போஷன் ஆஃப் ஹீலிங் 50 பொற்காசு, 2டி4+2, சராசரி 7. குடிக்க ஒரு ஆக்ஷன், 2024-இல் போனஸ் ஆக்ஷன். விழுந்தவன் வாயில் ஊற்றி எழுப்பலாம், அதற்காக ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வது நியாயம். அதற்குமேல் போஷனை நம்புவது வட்டிக்கு வாங்கி விவசாயம் பார்க்கிற மாதிரி.

எங்கள் ஊர்களில் கை கால் முறிந்தால் எக்ஸ்ரேக்கு முன்னால் கட்டு வைத்தியரிடம் போகிறவர்கள் இன்னும் உண்டு. மூங்கில் பத்தை, துணி, எண்ணெய். மந்திரம் கிடையாது. அந்த ஆள் இந்த ஆட்டத்தில் ஹீலர் ஃபீட்டாக இருக்கிறார். ஹீலர் கிட் ஒன்று 5 பொற்காசு, பத்துத் தடவை பயன்படும். ஃபீட் உள்ளவர் கட்டுப்போட்டால் 1டி6+4, அதோடு கட்டுப்படுபவரின் லெவல். மூன்றாம் லெவலில் சராசரி 10.5. ஓய்வுக்கு ஓய்வு ஆளுக்கு ஒருமுறை. நாலு பேருக்கும் போட்டால் 42 பாயிண்ட், செலவு 2 பொற்காசு. அதே 42 பாயிண்ட்டைப் போஷனில் வாங்கினால் ஆறு போஷன், 300 பொற்காசு, அதாவது ஒரு ரிவிவிஃபை வைரத்தின் விலை.

விழுந்தவனையும் இந்தக் கட்டு எழுப்பும். தீஃப் வகை ரோக் மூன்றாம் லெவலுக்கு வந்தபின் கிட்டைப் போனஸ் ஆக்ஷனில் எடுப்பதைப் பெரும்பாலான டேபிள்களில் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பக்கத்தில் போக வேண்டும். 2024-இல் ஹீலர் ஃபீட்டின் கணக்கு வேறு: கட்டுப்படுபவரின் ஹிட் டைஸ் (ஓய்வில் தேறுவதற்கான பகடை) ஒன்று செலவாகும், அதை உருட்டிக் கட்டுபவரின் புரொஃபிஷியன்ஸி போனஸைக் (தேர்ச்சிக்கான கூட்டல்) கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் லெவலிலேயே எடுக்க முடிவது அதில் ஒரு வசதி.

இல்லாதது இரண்டு. தூரத்திலிருந்து எழுப்ப முடியாது, செத்தால் அங்கேயே மீட்க முடியாது. பத்து நாளுக்குள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ரெய்ஸ் டெட் போடத் தெரிந்த பூசாரியைத் தேட வேண்டும், 500 பொற்காசு வைரத்தோடு. எழுந்தவனுக்கும் எல்லா உருட்டலிலும் நாலு குறையும், ராத்திரிக்கு ஒன்றாகச் சரியாகும். டிஎம் அந்தப் பூசாரியை எவ்வளவு தூரத்தில் வைக்கிறார் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூர்க்காரர்கள் கடைசியில் எடுத்தது இது: ரோக்குக்கு ஹீலர் ஃபீட், அவர் வராத வாரத்துக்கு ஃபைட்டரிடம் இன்னொரு கிட், ஆளுக்கு ஒரு போஷன், நாலாவது ஆளுக்கு அவர் கேட்ட சோர்சரர் (இன்னொரு வகை மந்திரவாதி). மொத்தம் 210 பொற்காசு. போன சனிக்கிழமை ரோக்தான் முதலில் விழுந்தானாம். ஃபீட் இல்லாத ஃபைட்டர் கிட்டைத் திறந்து உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கிறார், எழுப்ப முடியவில்லை. ரோக்கின் போஷன் ரோக்கின் பையிலேயே இருந்திருக்கிறது. யாருக்கும் ஞாபகம் வரவில்லை.